விறகிலிருந்து மின்சாரம்

அடுப்பில் விறகு எரிகிறது என்று சொல்கிறோம். சற்றே கூர்ந்து நோக்கினால், தீக்கொழுந்து விறகைத் தொடாமல் அதற்குச் சிறிது மேலே நின்று ஆடுவதைக் காணலாம். சூடேறிய மரம் வாயுக்களைக் கக்குகிறது. அவ்வாயுக்களே சுவாலையாக எரிகின்றன. எஞ்சும் கரி தணலாய்க் கனல்கிறது. ஈரவிறகை வைத்து ஊதுகுழலுடன் போராடும் தாய்மார் கண்ணீர் வடிப்பதும் அவ்வாயுக்கள் எரியாமற் புகையாக வெளியேறுவதாலேதான்.

அவ்வாயுவைப் பிடித்து இயந்திரத்துக்கு ஊட்டினால் என்ன? இரண்டாம் உலகப் போரின்போது பெற்றோல் கிடையாது தவித்த ஐரோப்பாவில் இலட்சக்கணக்கான வாகனங்கள் விறகுலையைச் சுமந்துகொண்டு ஓடின. போர் முடிந்து பெற்றோல் வந்ததும் அவ்வுலைகளைக் கழற்றி எறிந்தனர். சாரதிகளைக் குறைகூற முடியாது. மரவாயுவுடன் கூடவே தாரும் வருகிறது. வீதிக்கு ஊற்றும் தாரின் இனத்ததான அது, வாயு குளிர்ந்ததும் குழாய்களில் ஒட்டி இயந்திரத்தை இறுக்கிவிடும்.

இத்தொல்லைக்கு நல்ல விடை கண்ட ஊர், ஒஸ்திரியாவின் கிழக்கெல்லையில், ஹங்கேரிக்கு அருகே உள்ள குஸ்ஸிங். நாலாயிரம் பேருக்குக் குறைந்த சிற்றூர். பிழைப்புத் தேடி மக்கள் வெளியூர் சென்ற அப்பகுதியில், எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் பணத்தை வாரியிறைப்பதை நிறுத்துவதென 1990இல் நகரசபை தீர்மானித்தது. சூழ உள்ளதோ காடு. வியன்னாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் ஹொஃப்பவரும் குழுவினரும் வகுத்த உலை 2001இல் அங்கே அமைந்தது.

கச்சான் வறுப்போர் சட்டியில் மணலைச் சூடாக்கி, அம்மணலின் சூட்டிலேயே கச்சானை வறுக்கின்றனர் அல்லவா? குஸ்ஸிங் உலையும் அத்தகையதே. அறைகள் இரண்டு. ஓர் அறையில், ஏறத்தாழ 850 பாகை செல்சியஸ் சூடான மணலில் மரச்சீவல் விழுகிறது. காற்றுக்குப் பதிலாக நீராவி பாய்கிறது. மரம் ஐதரசன், காபனோரொட்சைட்டு, மெதேன் முதலிய வாயுக்களாகிறது. எஞ்சிய கரி மணலோடு மற்ற அறைக்குச் சென்று, அங்கே காற்றில் எரிந்து மணலைச் சூடாக்க, மணல் மீண்டும் முதலறைக்குத் திரும்புகிறது. முதலறைக்குள்ளேயே காற்றை விட்டால் என்ன என்று மாணவர் கேட்கலாம். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைதரசன். பாலில் நீர் கலந்தாற்போல வாயு சத்திழந்துவிடும்.

தாருக்கு என்ன செய்தார்கள்? பலாப்பழம் வெட்டும் கையில் ஒட்டிய பால் நீரிற் போகாது, எண்ணெயிற் போகும் என்பதை எந்த வீட்டிலும் அறிவர். குஸ்ஸிங்கிலும் வாயுவை நீராற் கழுவாது, தாவர எண்ணெயிலிருந்து ஆக்கிய டீசலாற் கழுவினர். அழுக்கேறிய டீசலை எங்கும் கொட்டவுமில்லை. கரியெரியும் அறைக்கே அனுப்பி எரித்தனர். இவ்வுலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே.

விறகாக உலைக்குட் சென்ற 8 மெகாவற்று வலுவில் 2 மெகாவற்று மின்சாரமாக வந்தது. உலையின் சூட்டையும் இயந்திரத்தின் சூட்டையும் வீணாக்காது, 4.5 மெகாவற்றைச் சுடுநீராகக் குழாய்வழி ஊருக்குள் அனுப்பினர். மின்சாரத்தை மட்டும் எடுத்திருந்தால் விறகில் முக்காற்பங்கு வீணாகியிருக்கும்.

2016இல் அவ்வுலை அணைந்தது. பழுதினால் அன்று. விறகின் விலை ஏறியிருந்தது. மின்சாரத்துக்கு வழங்கப்பட்ட சலுகை விலையின் காலமும் முடிந்திருந்தது. சுவீடனின் கொதன்பேர்க் நகரில் இதே வகை உலையுடன் 2014இல் திறக்கப்பட்ட பெரிய வாயு ஆலையும் 2018இல் நின்றுபோயிற்று.

நமது மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகள் பல, கொழுந்தை விறகெரித்தே உலர்த்துகின்றன. அவற்றின் இயந்திரங்களுக்கு மின்சாரமும் வேண்டும். சூடும் மின்சாரமும் ஒரே கூரையின்கீழ் வேண்டப்படும் இடங்கள் அவை. விறகுக்கு எங்கே போவது? வேலிகளில் நிற்கும் சீமைக்கிளுவை, வெட்ட வெட்டத் தழைப்பது. 2005இல் இலங்கை அரசாங்கம் அதனைத் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது தோட்டப் பயிராக ஏற்றுக்கொண்டது. ஆயினும், அதனைத் தறித்து, உலர்த்தி, ஆண்டு முழுவதும் தொழிற்சாலை வாசலிற் கொண்டுவந்து இறக்க என்ன செலவாகும் என்பதையே குஸ்ஸிங்கின் கணக்கைப் பார்த்தவர்கள் முதலிற் கேட்பார்கள்.