வண்டிக்கு கிராஷ் கார்டு, நமக்கு?

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பால் வாங்கிட்டு திரும்பி வந்துகிட்டிருந்தேன். வீட்டுலேர்ந்து கடை முக்கால் கிலோமீட்டர்தான். தலையில ஹெல்மெட் (தெருமுனையில போலீஸ் நிப்பாங்களே), உடம்புல அரைக்கை டி-ஷர்ட், கைலி, கால்ல ரப்பர் செருப்பு. திருப்பத்துல யாரோ வீடு கட்ட கொட்டி வச்ச மணல். வேகம் முப்பத்தஞ்சு இருந்தா அதிகம். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பால் பாக்கெட் ஒரு பக்கம்.

தலைக்கு ஒண்ணும் ஆகல. வண்டிக்கும் பெருசா ஒண்ணும் ஆகல, கிராஷ் கார்டு புண்ணியம். ஆனா ரெண்டு உள்ளங்கையும் கேரட் துருவுன மாதிரி ஆயிடுச்சு. நர்ஸம்மா ஒவ்வொரு கல்லா தேய்ச்சு எடுத்தப்ப நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். மூணு வாரம் சோறு பிசைஞ்சு சாப்பிட முடியல. நாப்பது வயசுக்காரனுக்கு அம்மா ஊட்டி விட்டாங்க. என் பொண்ணு பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாத்தா.

அப்ப யோசிச்சதுதான் இது. வண்டிக்கு கிராஷ் கார்டு போடுறோம், சீட்டுக்கு கவர் போடுறோம், போனுக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டுறோம். ஓட்டுறவனோட தோலுக்கு மட்டும் ஒண்ணுமே கிடையாது. ஏன்? போலீஸ் கேக்கல, அவ்வளவுதான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 129-வது பிரிவு தலைக்கவசத்தை மட்டும்தான் கட்டாயமாக்குது. அதனால நமக்கு பாதுகாப்புன்னா அபராதத்துலேர்ந்து பாதுகாப்பு!

இதைச் சொன்னா உடனே மூணு பதில் வரும்.

முதல் பதில்: "பக்கத்துலதானே போறேன், மெதுவாத்தானே போறேன்." சாமிகளா, 1981-ல் அமெரிக்காவுல ஹாரி ஹர்ட் தலைமையில ஒரு ஆய்வு வெளியாச்சு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் 900 பைக் விபத்துகளை சம்பவ இடத்துக்கே போய் ஆராய்ஞ்சாங்க. மோதின நேரத்து வேகத்தோட நடு அளவு எவ்வளவு தெரியுமா? மணிக்கு 21.5 மைல். அதாவது நம்ம 35 கிலோமீட்டர். விபத்துகள்ல பெரும்பாலானது கடைகண்ணிக்கும் நண்பர் வீட்டுக்கும் போற குட்டிப் பயணங்கள், அதுவும் கிளம்பின கொஞ்ச நேரத்துலயே. நான் பால் வாங்கப் போன கதையை அந்த மனுஷன் அன்னிக்கே எழுதி வச்சுட்டார்.

35 கிலோமீட்டர் வேகம்னா விநாடிக்கு கிட்டத்தட்ட 10 மீட்டர். அந்த வேகத்துல தார் ரோட்டுல தேய்ஞ்சா கைலி என்ன, சாதாரண ஜீன்ஸ் கூட ரொம்ப நேரம் தாங்காது.

ரெண்டாவது: "நம்ம ஊரு வெயிலுக்கு ஒத்து வராது." பொய் சொல்ல மாட்டேன், சிக்னல்ல நிக்கும்போது வேகத்தான் செய்யும். ஆனா வலை மாதிரி துணியில மெஷ் ஜாக்கெட் கிடைக்குது, வண்டி நகர்ந்தா காத்து உள்ள பூந்து போகும். அரைமணி நேரம் வேர்க்குறது பெருசா, மூணு வாரம் கட்டோட கிடக்குறது பெருசா?

மூணாவது: "காசு." சரி, ஒரே நாள்ல எல்லாத்தையும் வாங்க வேணாம். வரிசையா வாங்குங்க.

முதல்ல கையுறை. விழும்போது யாரா இருந்தாலும் கையைத்தான் ஊணுவோம். உள்ளங்கையில தோலோ கெட்டியான பட்டையோ இருக்கணும், மணிக்கட்டுல இறுக்கிக் கட்டுற பட்டி இருக்கணும். அடுத்து, கணுக்காலை மூடுற ஷூ. அப்புறம் ஜாக்கெட். கடைக்காரர் "பேடு இருக்கு சார்"னு சொன்னா நம்பிடாதீங்க, உருவிப் பாருங்க. இஎன் 1621-னு அச்சடிச்சிருக்கணும். பல ஜாக்கெட்டுல வெறும் மெத்தை ஸ்பாஞ்சுதான் இருக்கு. லெவல் 1, லெவல் 2-ன்னு ரெண்டு ரகம் உண்டு. ரெண்டு அடியை இன்னும் நல்லா வாங்கிக்கும். சைஸு உடம்போட ஒட்டி இருக்கணும். தொளதொளன்னு இருந்தா விழும்போது முட்டி பேடு முட்டியில இருக்காது.

ஹெல்மெட்டுக்கும் இதே கதைதான். ரோட்டோரம் விக்கிற சட்டி போலீஸை ஏமாத்தும், தாரை ஏமாத்தாது. ஐஎஸ் 4151 முத்திரை பாத்து வாங்கி, தாடைப் பட்டியை மாட்டுங்க. ஒரு தடவை பலமா அடிபட்டா உள்ளே இருக்கிற தெர்மோகோல் நசுங்கிடும், அதோட அதுக்கு ரிட்டயர்மென்ட். (என்னோடதையும் மாத்திட்டேன்.)

இன்னொண்ணு. பின்னாடி உக்கார்றவங்க துணி சக்கரத்துல சிக்கக்கூடாதுன்னு 1989 விதிகள்ல 123-வது விதி இருக்கு. பின்சக்கரத்துல பாதியையாவது மறைக்கிற தடுப்பு இருந்தாகணும். நம்ம பசங்க வண்டி வாங்கினதும் முதல் வேலையா "ஸ்டைலா இல்ல"ன்னு அதைக் கழட்டிப் போடுறாங்க. அப்புறம் அதே வண்டில அக்காவோ அம்மாவோ உக்கார்றாங்க, முந்தானையும் துப்பட்டாவும் பறக்குது. உங்க ஸ்டைலுக்கு அவங்க கழுத்தா விலை?

இப்பல்லாம் கையுறை, ஷூ மாட்டிகிட்டுதான் பால் வாங்கப் போறேன். கடைக்காரர் அன்னிக்கு கேட்டார், "என்ன சார், லடாக் கிளம்பிட்டீங்களா?"

"இல்லண்ணே, அரை லிட்டர் நீலம்."

டிஸ்கி: கைலிக்கு நான் எதிரி இல்லை. வீட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் :-)