நிலக்கரியும் 'மலிவு' என்னும் மயக்கமும்

நிலக்கரி மலிவானது என்னும் கூற்று இலங்கையின் மின்வலு பற்றிய வாதங்களில் நான்கு தசாப்தங்களாக ஐயத்துக்கிடமற்ற உண்மைபோல வழங்கிவருகின்றது. அமைச்சர்கள் மாறினர், ஆட்சிகள் மாறின, கூற்று மாறவில்லை. பொறியியலாளர் சொன்னால் அது கணக்கு. அரசியல்வாதி சொன்னால் அது வாக்குறுதி. பொருளியல் மாணவர் விடைத்தாளில் எழுதினால் அது புள்ளி பெற்றுத்தரும் வசனம். அக்கணக்கில் எவை சேர்க்கப்பட்டன, எவை விடப்பட்டன என வினவுவோர் மட்டும் வளர்ச்சியின் எதிரிகளாகிவிடுகின்றனர்.

ஓர் அலகு மின்சாரத்தின் விலையைக் கணிப்போர் நிலக்கரியின் விலையைச் சேர்க்கின்றனர். கப்பற் கூலியைச் சேர்க்கின்றனர். கடனுக்கான வட்டியையும் இயந்திரத்தின் தேய்மானத்தையும் ஊழியர் சம்பளத்தையும் சேர்க்கின்றனர். புகைபோக்கியின் வாயோடு கணக்கு முடிந்துவிடுகின்றது. அதற்கப்பால் காற்றிற் கலப்பதும், காற்றிலிருந்து மனிதனின் நெஞ்சுக்குள் இறங்குவதும் எவருடைய பேரேட்டிலும் பதியப்படுவதில்லை. இயந்திரத்தின் தேய்மானத்துக்கு ஒரு நிரல் உண்டு. நுரையீரலின் தேய்மானத்துக்கு நிரல் இல்லை. 'மலிவு' என்னும் சொல்லின் இரகசியம் இதுவே.

புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலை இதற்குக் கண்முன் உள்ள சான்று. இலங்கையின் முதலாவது நிலக்கரி மின் நிலையம் முதலில் எண்ணப்பட்ட இடம் நுரைச்சோலை அன்று. 1980களில் திருகோணமலை பேசப்பட்டது. பின்னர் தென்கரையின் மாவெல்ல பேசப்பட்டது. எதிர்ப்புகளின்பின் திட்டம் மேற்குக் கரைக்கு நகர்ந்தது. அங்கும் தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் அயலில் அது அமைவதைக் கத்தோலிக்க மக்கள் எதிர்த்தனர். இருப்பினும் 2006இல் வேலை தொடங்கியது. சீனக் கடனுதவியுடன் கட்டப்பட்ட நிலையத்தின் முதலாவது அலகு 2011இல் இயங்கத் தொடங்க, 2014இல் மூன்று அலகுகளுமாக 900 மெகாவாற்று வலு நிறைவெய்தியது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இந்த ஓரிடத்திலிருந்தே வருகின்றது.

கற்பிட்டிக் குடாநாடு மணற்பாங்கான ஒடுங்கிய நிலம். வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் அம்மணலிற் கிணற்று நீரை நம்பியே விளைகின்றன. கரையோரத்தார் கடலை நம்பி வாழ்கின்றனர். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்துவாழும் இப்பிரதேசத்திலேதான் 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பலரும் வந்து குடியேறினர். ஒருமுறை வேரோடு பிடுங்கப்பட்டவர்களுக்கு இரண்டாவது ஊர் இத்தகையதாயிற்று.

இந்நிலையம் ஆண்டொன்றுக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியை எரிக்கின்றது. இலங்கையில் நிலக்கரிப் படிவு இல்லை. ஒவ்வொரு தொன்னும் கப்பலில் வரவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிப்பதால், ஏறக்குறைய செப்டெம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையிலேயே ஆண்டுக்குரிய நிலக்கரி இறக்கிக் குவிக்கப்படுகின்றது. பின்னர் அதே பருவக்காற்று கடலிலிருந்து கரை நோக்கி அக்குவியலின் மீது வீசுகின்றது. தூசியும் சாம்பலும் வீடுகளிலும் தோட்டங்களிலும் படிவதாக அயற்கிராமத்தவர் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். கொழும்பின் குளிரூட்டிய அறையில் மின்சாரம் மலிவாயிருப்பதற்கு, நுரைச்சோலையில் உலர்த்திய துணியை மீண்டும் துவைப்பவளும் ஒரு காரணம் என்பதை எந்த மின் பட்டியலும் தெரிவிப்பதில்லை.

ஆயினும் கண்ணுக்குத் தெரியும் தூசி அன்று, தெரியாததே கொடியது. நிலக்கரி எரிகையில் வெளிவரும் கந்தகவீரொட்சைட்டும் நைதரசன் ஒட்சைட்டுக்களும் வளியில் மாற்றமுற்று நுண்துணிக்கைகளாகின்றன. 2.5 மைக்கிரோமீற்றரிலும் சிறிய இத்துணிக்கைகள் தலைமயிரின் பருமனில் முப்பதிலொரு பங்கு கூட இல்லாதவை. மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் இவற்றைத் தடுக்கமாட்டா. நுரையீரலின் சிற்றறைகள்வரை சென்று, சில இரத்தத்திலும் கலக்கின்றன. ஆதலாற்றான் நிலக்கரியின் நோய் இருமலோடு நிற்பதில்லை. மாரடைப்பாகவும் பாரிசவாதமாகவும் வருகின்றது. வெளிப்புற வளி மாசினைப் புற்றுநோய்க்குத் திட்டவட்டமான காரணிகளின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2013இற் சேர்த்தது. நிலக்கரியிலுள்ள இரசமும் ஆவியாகி, நீரை அடைந்து, நுண்ணுயிர்களால் நச்சு வடிவம் பெற்று, மீனினூடாகக் கருவிலுள்ள சிசுவின் மூளைவரை செல்லவல்லது.

இவை வெறும் ஊகங்கள் என்போர்க்கு இரு சான்றுகள் போதும். 1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் நகரை நிலக்கரிப் புகை கலந்த மூடுபனி மூடியது. அவ்வேளை ஏறத்தாழ 4000 பேர் இறந்ததாகக் கணிக்கப்பட்டது. பிற்கால மீளாய்வுகள் 12,000 வரை என்கின்றன. இரண்டாவது சான்று அண்மையது. ஐக்கிய அமெரிக்காவில் 1999 முதல் 2020 வரை முதியோர் மருத்துவக் காப்புறுதி பெற்றோரிடையே 4,60,000 மரணங்கள் நிலக்கரி மின் நிலையங்களின் நுண்துணிக்கைகளால் நேர்ந்தவை என 2023இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. ஏனைய மூலங்களின் நுண்துணிக்கைகளைவிட நிலக்கரியினது இருமடங்கு ஆபத்தானதெனவும் அது கண்டது. சட்டமும் கண்காணிப்பும் வலுவாயுள்ள நாட்டின் கணக்கு இது.

உயர்ந்த புகைபோக்கி புகையை வெகுதூரம் கொண்டுசெல்லும் என்பது ஒரு விடை. பிரித்தானியாவில் 1956ஆம் ஆண்டின் தூயவளிச் சட்டத்துக்குப் பின்னர் புகைபோக்கிகள் உயர்ந்தன. நகரத்தின் வானம் தெளிந்தது. நோர்வேயினதும் சுவீடினதும் ஏரிகளில் அமில மழை பெய்தது. புகைபோக்கியை உயர்த்துதல் நஞ்சினை அழிப்பதன்று. அதன் விலாசத்தை மாற்றுவது. சாம்பலை மின்னியற் பொறிகள் பிடித்துவிடும் என்பது மற்றொரு விடை. பிடிக்கின்றன, மெய்யே. பிடித்த சாம்பல் எங்கே செல்கின்றது? எரித்ததிற் பத்திலொரு பங்கே சாம்பல் எனக் கொண்டாலும் அது ஆண்டுக்கு 2 இலட்சம் தொன்னாகும். சீமெந்து ஆலைகள் ஒரு பகுதியைப் பெறலாம். மீதி நிலத்திற் குவியவேண்டும். அமெரிக்காவின் ரெனசி மாநிலத்துக் கிங்ஸ்ரனில் 2008 டிசெம்பரிற் சாம்பற் குளத்தின் அணை உடைந்து ஆற்றையும் வீடுகளையும் மூடியது. சென்னைக்கு வடக்கே எண்ணூரின் மீனவர் தங்கள் கழிமுகத்திற் சாம்பற் சேறு படிந்ததைப் பல்லாண்டுகளாகக் கண்டுவருகின்றனர்.

இனி, நேர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. அதனை இலகுவில் தள்ளிவிடல் ஆகாது. மேற்கு நாடுகள் இரு நூற்றாண்டுகளாக நிலக்கரியை எரித்துச் செல்வம் சேர்த்தன. குடியேற்ற நாடுகளின் உழைப்பையும் சேர்த்து எரித்தன. பிரித்தானியா தனது இறுதி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டெம்பரிலேதான் மூடியது. ஏறிய ஏணியை உதைத்துவிட்டு ஏழை நாடுகளுக்கு உபதேசிப்பது நயவஞ்சகம். உலக வெப்பமாதலில் இலங்கையின் பங்கு அற்பமானது. இவையனைத்தும் உண்மை. ஆனால் மேற்கின் நயவஞ்சகம் கற்பிட்டிக் குழந்தையின் நுரையீரலுக்கு மருந்தாகாது. காபனீரொட்சைட்டு உலகம் முழுவதற்கும் பங்கிடப்படுகின்றது. நுண்துணிக்கை அயலவனுக்கே பெரும்பாலும் உரியது. முன்னதில் இலங்கை ஏழை நாடு என்று வாதாடலாம். பின்னதில் அந்த ஏழை நாட்டுக்குள்ளேயே அதிகாரமுள்ளோர் அதிகாரமற்றோர்க்குச் செய்யும் செயலே விசாரிக்கப்படுகின்றது. ஏகாதிபத்தியத்தைச் சாடும் குரலை உள்ளூர்ச் சுரண்டலின் திரையாகப் பயன்படுத்துவது இடதுசாரிச் சிந்தனையும் அன்று, தேசப்பற்றும் அன்று.

சுதந்திரமான மின்வலு என்னும் பேச்சும் இத்தகையதே. 2022இல் இறக்குமதி எரிபொருளுக்குக் கொடுக்க அந்நியச் செலாவணி இன்றி, மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நாடு இருளிற் கிடந்தது. நிலக்கரிக் கப்பலும் அதே டொலரையே கேட்கின்றது.

எதிர்ப்பு பயனற்றதென்று சலிப்போர் சம்பூரை நோக்கலாம். 2006ஆம் ஆண்டுப் போரில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். ஆளில்லாத அந்நிலம் முதலில் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று; பின்னர் இந்திய தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் இணைந்து 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் அமைக்கும் இடமாயிற்று. அகதி முகாமில் இருப்பவனின் காணி போல மலிவான காணி வேறில்லை. மக்கள் விடவில்லை, மீள வந்தோர் வீதியில் நின்றனர், சுற்றாடல் அமைப்பினர் நீதிமன்றம் சென்றனர். 2016 செப்டெம்பரில், அத்திட்டம் முன்னெடுக்கப்படமாட்டாதெனச் சட்டமா அதிபர் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சூரியனுக்குச் சாம்பல் இல்லை. காணி யாருடையது என்னும் வினா சூரிய ஒளியிலும் மறைவதில்லை என்பது வேறு விடயம்.

2021இற் புதிய நிலக்கரி நிலையங்களைக் கட்டுவதில்லை என இலங்கை உலக அரங்கில் உறுதியளித்தது. அவ்வுறுதி, கட்டாத நிலையங்களைப் பற்றியது. கட்டி எரிந்துகொண்டிருக்கும் நிலையத்தின் அயலவர்க்கு அதிற் சொல் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது பேருரைகள் அல்ல. புகைபோக்கியிலிருந்து நாள்தோறும் வெளியேறுவது யாது, கிராமத்து வளியில் எவ்வளவு கலந்துள்ளது என்னும் அளவீடுகள் சிங்களத்திலும் தமிழிலும் பிரதேச வைத்தியசாலை வாசலில் ஒட்டப்படவேண்டும். கற்பிட்டிப் பிரதேசத்துச் சுவாச நோயாளரையும் இருதய நோயாளரையும் தொடர்ந்து பதிவுசெய்யும் ஏடு ஒன்று மருத்துவ பீடம் ஒன்றின் பொறுப்பில் திறக்கப்படவேண்டும். சுன்னாகத்தில் எண்ணெய் கலந்த கிணறுகளுக்காக, மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்னும் நியதியின்படி, மின் உற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமென உயர் நீதிமன்றம் 2019இற் கட்டளையிட்டது. கிணற்றுக்குப் பொருந்திய நியதி மூச்சுக்குப் பொருந்தாதெனக் கூற எந்தச் சட்டப் புத்தகத்திலும் இடமில்லை. அந்தச் செலவையும் அலகொன்றின் விலையிற் சேர்த்து எழுதிய பின்னர், நிலக்கரி மலிவானதா என மின்சார சபை மீண்டும் கணக்கிட்டுக் காட்டட்டும்.