கடைமடைக்கு மக்காச்சோளமா?

மேட்டூர் அணையின் நீர்மட்டம் தாழும்போதெல்லாம், குறுவையைக் கைவிட்டு மாற்றுப்பயிர் செய்யுமாறு காவிரிப் படுகை விவசாயிகளுக்கு உபதேசம் செய்வது வழக்கமாகிவிட்டது. அந்த மாற்றுப்பயிர்களின் வரிசையில் வறட்சியைத் தாங்கும் வீரிய ஒட்டு மக்காச்சோளத்தையும் சேர்த்து, மேட்டு நிலம், பள்ள நிலம், தலைமடை, கடைமடை என்ற பேதமின்றி எல்லோருக்கும் சிபாரிசு செய்யும் அதிகாரிகளின் முடிவை நாம் வன்மையாக ஆட்சேபிக்கிறோம். அப்பயிர்மீது நமக்கு விரோதம் இல்லை. அதை உருவாக்கிய விஞ்ஞானிகளிடம் மிகுந்த மரியாதை உண்டு. எந்த மண்ணின் கஷ்டத்தை மனத்தில் வைத்து அவர்கள் அந்த விதையை உருவாக்கினார்களோ, அந்தக் கஷ்டம் தஞ்சையின் கஷ்டமா என்று ஒரு கணமேனும் யோசித்திருந்தால் இப்படியொரு முடிவு பிறந்திராது.

மக்காச்சோளத்தில் ஆண்பூ செடியின் உச்சியிலும், பெண்கதிர் நடுத்தண்டிலும் தனித்தனியே தோன்றுகின்றன. பூக்கும் தருணத்தில் மண் காய்ந்தால், ஆண்பூ உரிய காலத்தில் மகரந்தத்தை உதிர்த்துவிட, கதிரிலிருந்து வெளிவர வேண்டிய பட்டிழைகள் தாமதப்பட்டு, கதிர் மணி பிடிக்காமல் பொக்கையாகிவிடும். இந்த இடைவெளி குறைவாக உள்ள செடிகளைக் கண்டெடுப்பதற்காக, மழையில்லாப் பருவத்தில் பாசனத்தை வேண்டுமென்றே நிறுத்திவைத்து, தலைமுறை தலைமுறையாக வடிகட்டித் தேர்ந்தது மெக்ஸிகோவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையம். ஆப்பிரிக்காவின் 13 நாடுகளுக்கு அவ்விதைகளைக் கொண்டுசென்றது மகத்தான காரியம். நம் ராஜ்யத்திலும் பெரம்பலூரின் கரிசல் மானாவாரிக்கு அத்தகைய விதை அவசியமே.

தஞ்சைக்கு நேர்ந்திருக்கும் துன்பமோ வேறு. இங்கே தண்ணீர் இல்லாமை பாதி. வரும் தண்ணீர் காலம் தவறி வருவதும், வந்தது வடியாமல் நிற்பதும் மறுபாதி. திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கத்துக் களிமண் வயலை ஆனி மாதத்தில் பார்த்தால் கால் நுழையும்படி வெடித்துக் கிடக்கும். அதே வயலில் ஐப்பசியில் ஓர் இரவு மழை பெய்தால் விடியும்போது வரப்பு தெரியாது. வடிகால் ஆறுகள் கடலுக்கு ஏறக்குறையச் சமமட்டத்தில் ஓடுவதால் நாட்கணக்கில் நீர் இறங்காது. நெல் அந்த நீரில் நின்று பழகிய பயிர். மக்காச்சோளத்தின் வேரில் இரண்டு மூன்று நாள் நீர் தேங்கினாலே கீழிலை பழுத்து, வேர் மூச்சடைத்து, செடி சாய்ந்துவிடும். பூக்கும் தருணத்து வறட்சியைத் தாங்கும் குணம் இந்த ஆபத்துக்கு எள்ளளவும் பரிகாரம் ஆகாது.

எந்தப் பட்டத்தில் இதை விதைப்பது? ஆடியில் விதைத்தால் அறுவடை ஐப்பசி மழையில் சிக்கும். புரட்டாசியில் விதைத்தால் இளம்பயிரே வெள்ளத்தில் நிற்கும். தையில் விதைக்கலாமென்றால் ஜனவரி 28-இல் மேட்டூர் மூடப்படுகிறது. பம்புசெட் இல்லாத கடைமடைக்காரர் பங்குனி வெயிலில் எதைப் பாய்ச்சுவார்? அந்தப் பருவத்தில், அறுவடைக்கு முன்பே சம்பாவின் ஊடே உளுந்தும் பயறும் தெளித்து, மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே மகசூல் காணும் சாமர்த்தியம் இப்படுகையில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் மக்காச்சோளம் பொருந்தும் என்பதை மறுக்கவில்லை. அதைக் காட்டி வேதாரண்யத்துக்கும் விதைப்பை அனுப்புவது நியாயமாகாது. எந்தக் கடைமடைக் களிமண்ணில், எத்தனை பருவம், எந்த வெள்ளத்தில் இவ்விதையைச் சோதித்தீர்கள் என்று கேட்கிறோம். பதில் பகிரங்கமாக வரட்டும்.

விளைந்தாலும் வாங்குவார் யார்? 2025-26 பருவத்தில் மக்காச்சோளத்துக்குக் குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் ஆதார விலை அறிவிக்கப்பட்டது. நெல்லுக்கு, மூட்டைகள் எத்தனை நாள் காத்துக் கிடந்தாலும், ஊருக்கு அருகே கொள்முதல் நிலையம் உண்டு. மக்காச்சோளத்துக்கு நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு வாங்கும் வியாபாரி சொன்னதே விலை.

இதே அரசு நிர்வாகம் இதற்குமுன் செய்த காரியங்களையும் ஜனங்கள் மறந்துவிடவில்லை. 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்தபோது, கொள்ளிடம் மேலணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டு, ஆற்றிலே வெள்ளமும் கடைமடையிலே வறட்சியுமாக நாம் நின்றோம். அதே ஆண்டு படைப்புழு கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட பிறகும், பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் காடுகள் அழியும் வரை விழிப்பு ஏற்படவில்லை. 2023-இல் ஜூன் 12 அன்று அணையைத் திறந்து குறுவையை விரிவாகச் செய்ய ஊக்கமளித்துவிட்டு, அக்டோபரில் அணையை மூடினார்கள். பயிர் கருகிய பின் ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் என்றார்கள். குறுவைக்குப் பயிர்க் காப்பீடும் அப்போது இல்லை. அணையின் இருப்பையும் அண்டை ராஜ்யத்தின் மனப்போக்கையும் கணிக்கத் தவறியவர்கள், அந்தத் தவற்றின் பாரத்தை இப்போது உழவனின் பயிர்த் தேர்வின்மீது சுமத்துகிறார்கள். இது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் செயல்.

1922-இல் நிறுவப்பட்ட ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் இந்தப் படுகையின் நடுவிலேயே இருக்கிறது. ஜப்பானிய நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் கலந்து அங்கே பிறந்த ஆடுதுறை 27, 1960-களில் குறுவையின் போக்கையே மாற்றியது. வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும் குணத்தை சி.ஆர். 1009 நெல்லில் ஏற்றிக் காட்டியிருக்கிறார்கள். பரமக்குடி நிலையம் 2009-இல் வறட்சியைத் தாங்கும் அண்ணா 4 நெல்லைத் தந்தது. வறட்சி, வெள்ளம் இரண்டையும் ஒரே பருவத்தில் தாங்கும் நெல்லுக்கும், அதற்கேற்ற நீர் நிர்வாகத்துக்கும் பணமும் ஆட்களும் வேண்டும் என்று கேட்டால், கையில் கிடைத்த மக்காச்சோள விதைப்பையை நீட்டுகிறார்கள். அதிகாரிகள் கடைமடைக்கு வந்து விவசாயிகளோடு கலந்து பேசி, இம்மண்ணுக்குரிய வழியைக் காண வேண்டும். அதுவரையில் இந்தச் சிபாரிசைக் கடைமடை வட்டாரங்களிலிருந்து உடனே திரும்பப் பெற வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.