கடைமடைக்கும் வரட்டும் இணையம்!

காலிங்கராயன் வாய்க்கால் பவானி ஆற்றிலே புறப்பட்டு, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடி, கொடுமுடிக்கருகே ஆவுடையார்பாறையில் முடிகிறது. 'தலைமடையில் தண்ணீர் புரளுகிறது, பாரீர்!' என்று பறைசாற்றினால் போதுமா? கடைமடை உழவன் வயலிலும் பாய்ந்தால்தான் அது வாய்க்கால். பாயாவிட்டால் வெறும் பள்ளம்!

அரசின் இணையத்தளங்களையும் இந்த அளவுகோல் கொண்டே அளக்கவேண்டும், தோழர்களே! தலைநகரில் அதிகாரியின் புதுக் கணினியில் பக்கம் பளிச்சிடுகிறது. மாலை விழுகிறது, விழா முடிகிறது. கொடுமுடியில் கரும்பு வெட்டும் தொழிலாளி, மகனின் சான்றிதழுக்காகப் பழைய கைப்பேசியில் அதே பக்கத்தைத் திறந்தால், பொத்தான் அசைய மறுக்கிறது. 'வேறு உலாவியில் வா' என்று கட்டளை வேறு! இணையத்தைத் திறந்து காட்டும் மென்பொருள்தானே உலாவி? அதை மாற்றிக்கொண்டு வா என்று குடிமகனை விரட்டுவது என்ன நியாயம்?

நோய் புதிதன்று. 1990களின் இறுதியில் தமிழ் ஏடுகள் இணையம் ஏறியபோது, ஏட்டுக்கு ஓர் எழுத்துரு. நெட்ஸ்கேப் உலாவிக்கு ஒருவகை எழுத்துருக் கோப்பு. மைக்ரோசாப்ட்டின் எக்ஸ்புளோரருக்கு வேறுவகை. மோதிக்கொண்டவை இரண்டு கம்பெனிகள், நசுங்கியது தமிழ்! 2000இல் நெட்ஸ்கேப் 6 வந்தது. அதுவரை உதவிய கோப்பு அதிலே செல்லாக்காசாயிற்று.

மீட்சி எப்படி வந்தது? ஒருங்குறி என்னும் பொதுவழியால் வந்தது. பழைய எழுத்துருவில் இருந்ததை ஒருங்குறிக்கு மாற்ற, சுரதா யாழ்வாணனின் 'பொங்கு தமிழ்' போன்ற கருவிகள் உலாவிக்குள்ளேயே ஓடி உதவின. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது. எழுத்துத் தொல்லை தீர்ந்தது. உலாவித் தொல்லை தீர்ந்ததா?

தீர்க்க வழி உண்டு. பக்கத்தோடு கூடவே வந்து, நம் கைப்பேசியிலேயே ஓடும் நிரல் ஜாவாஸ்கிரிப்ட். 1995இல் பிறந்தது, 1997இல் பொதுத்தரம் பெற்றது. அந்த நிரல், 'உன் பெயர் என்ன?' என்று உலாவியைக் கேட்கலாம். 'உன்னால் என்ன முடியும்?' என்றும் கேட்கலாம். முன்னது, வாயிலில் நிறுத்தி ஜாதி கேட்பது. பின்னது, திறமையறிந்து இடம் தருவது!

பெயர் கேட்டதன் விளைவு தெரியுமா? குரோம், சஃபாரி முதலியன இன்றைக்கும் 'மொசில்லா' என்று தொடங்கித்தான் தம்மை அறிவித்துக்கொள்கின்றன. கதவடைப்புக்கு அஞ்சி அன்று பூண்ட பொய்ப்பெயர் இன்றும் களையப்படவில்லை!

திறமையைக் கேட்கும் நிரலோ, உலாவியில் உள்ளதைப் பயன்படுத்தும். இல்லாததைத் துண்டுநிரல் கொண்டு நிரப்பும். அந்த நிரலே ஓடாவிட்டாலும், விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பும் அடிப்படை வேலை நடக்கவேண்டும். அலங்காரம் குறையட்டும், அலுவல் நிற்கக்கூடாது.

'எல்லாப் பழைய உலாவிக்கும் எழுதமுடியுமா? செலவாகாதா?' என்பர் சிலர். பாதுகாப்பு இழந்துவிட்ட மிகப் பழையவற்றைத் தள்ளத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள், மாற்றுவழி காட்டுங்கள். செலவென்று சொல்கிறார்களே, ஒருநாள் கூலியை இழந்து, பேருந்தேறி, வரிசையில் நிற்கிறானே தொழிலாளி, அது யார் கணக்கில் ஏறும்?

இந்திய அரசு 2009இல் வெளியிட்ட இணையத்தள வழிகாட்டு நெறிகளே பல உலாவிகளில் சோதிக்கச் சொல்கின்றன. ஏட்டில் இருப்பது நாட்டில் நடக்கவேண்டாமா?

தோழர்களே! படிப்பகத்தில் கூடும்போது, அரசின் பக்கங்களை ஆளுக்கொரு கைப்பேசியில் திறந்து பாருங்கள். எது திறக்கவில்லை, எந்தக் கருவியில், எந்த உலாவியில் என்று குறித்து, படம்பிடித்து, உரிய துறைக்கு மனுப்போடுங்கள். இனி எந்தத் தளமும் விழா மேடைக்குப் போகுமுன், கடைக்கோடித் தொழிலாளியின் கைப்பேசியில் தேறிவிட்டுப் போகட்டும்!