கோடி கோடியாய் கொட்டியும் கோப்பை எங்கே? கோழி கம்பெனி வாங்கிய கால்பந்து கிளப்பின் கதை

காசு இருந்தா போதும், கால்பந்து கிளப்பை ஜெயிக்க வைத்துவிடலாமா? இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை கேட்டால் தெரியும். அங்கே இரண்டு பணக்காரர்கள் வந்தார்கள். ஒருவருக்கு சிலை வைத்தார்கள். இன்னொருவருக்கு எதிராக கோஷம் போட்டார்கள்.

முதலாமவர் ஜாக் வாக்கர். உள்ளூர்க்காரர், இரும்பு வியாபாரி. 1991ல் கிளப்பை கையில் எடுத்தார். முதலில் விவரம் தெரிந்த ஆளை பிடித்தார். கென்னி டால்கிலிஷ் மேனேஜர் ஆனார். 1992ல் ஆலன் ஷியரரை அன்றைய பிரிட்டன் ரெக்கார்டு விலைக்கு வாங்கினார். 1995ல் பிரிமியர் லீக் கோப்பை வந்தது. 81 வருடம் கழித்து கிடைத்த பட்டம்!

வாக்கர் 2000ல் இறந்தார்.

2010 நவம்பரில் புனேயில் இருந்து வந்தது வெங்கீஸ். ஆமாம், நம்மூர் கடைகளில் சிக்கன் விற்கும் அதே வெங்கீஸ்தான். விலை 23 மில்லியன் பவுண்டு. அன்றைய மதிப்பில் 160 கோடி ரூபாய்க்கு மேல்.

அடுத்த மாதமே அதிர்ச்சி. அணி 13வது இடத்தில் இருக்கும்போதே அனுபவசாலி மேனேஜர் சாம் அலர்டைஸை தூக்கினார்கள். 2012ல் பிரிமியர் லீக்கை விட்டே அணி இறங்கியது. கொதித்த ரசிகர்கள் மைதானத்துக்குள் உயிருள்ள கோழியையே விட்டார்கள்!

அதோடு நிற்கவில்லை. பின்னர் மேனேஜராக வந்த ஹென்னிங் பெர்க் 57 நாளில் அவுட். 2017ல் மூன்றாம் டிவிஷனுக்கே சறுக்கல். பிரிமியர் லீக் சாம்பியன் ஆன ஒரு கிளப் அந்த அளவுக்கு விழுந்தது அதுவே முதல் முறை. 2018ல் ஒரு படி ஏறியது.

முதலாளி பணம் போடவில்லையா என்றால், போட்டார்கள். வருடா வருடம் நஷ்டத்தை அவர்கள் பணம்தான் அடைத்தது. அதுவே இன்னொரு ஆபத்தும் ஆனது. அமலாக்கத்துறை விசாரணை காரணமாக, இந்தியாவில் இருந்து பணம் அனுப்ப டெல்லி ஐகோர்ட் அனுமதி தேவை என்ற நிலை வந்தது. 2024 பிப்ரவரியில் உள்ளூர் பையன் ஆடம் வார்ட்டனையும் கிரிஸ்டல் பேலசுக்கு விற்றார்கள்.

வாக்கரும் பணம்தான் போட்டார். ஆனால் ஆட்டம் தெரிந்தவரிடம் ஆட்டத்தை விட்டார்.  முதலாளி மாறலாம், பங்கு கைமாறலாம். டிக்கெட் வாங்கி கத்துகிற மில் தொழிலாளி குடும்பத்துக்கு மாற்று கிளப் கிடையாது. அணி தோற்றால் முதலாளிக்கு நஷ்டம் கணக்கில், ரசிகனுக்கோ நெஞ்சில்.