கல் யாருக்குத் துணை?

ஆலை வாயிலிலே கூடும் இளந் தோழர்கள் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு: "ஊர்வலம் போனோம், மனுக் கொடுத்தோம், மேலிடத்தின் காது திறக்கவில்லை. கல்லெடுத்தால்தானே திரும்பிப் பார்க்கிறார்கள்?"

கேள்வியில் உள்ள வேதனையை நாம் உணராமலில்லை. அடிபட்டவனுக்குத்தானே வலி தெரியும்! ஆனால், ஆத்திரம் வேறு, வெற்றி வேறு.

இக்கேள்விக்குக் கணக்கெடுத்தே விடை கண்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் இருவரும், 1900 முதல் 2006 வரை உலகெங்கும் நடந்த 323 பெரும் போராட்டங்களை ஆய்ந்து, 2011-இல் நூலாக வெளியிட்டனர். ஆட்சியை வீழ்த்தவும் அன்னியப் பிடியை அகற்றவும் நடந்த போராட்டங்கள் அவை. செனோவெத் முதலில் அறப்போரின் வலிமையை ஐயுற்றவர். கண்ட முடிவு என்ன? ஆயுதமின்றி நடந்தவற்றில் நூற்றுக்கு 53 வென்றன. ஆயுதமேந்தியவற்றில் வென்றவை 26 தான்!

இதில் மாயமில்லை, மந்திரமில்லை. துப்பாக்கி தூக்க எத்தனை பேர் வருவர்? வேலை நிறுத்தத்துக்கோ தாய்மார் வருவர். தள்ளாத முதியவரும் துணை நிற்பர். கூட்டம் பெருகினால், எதிரே நிற்கும் சிப்பாயின் அண்ணனும் அதிலே இருப்பான்; சுடும் கை தயங்கும். 1986-இல் மணிலா நகர மக்கள் வெறுங்கையோடு டாங்கிகளை மறித்து நின்றனர். மார்க்கோஸ் நாட்டை விட்டே ஓடினார். 1978-இல் ஈரானின் எண்ணெய்த் தொழிலாளர் வேலையை நிறுத்தினர், ஏற்றுமதி முடங்கியது, 1979 ஜனவரியில் மன்னர் ஷா வெளியேறினார். பிறகு வந்த ஆட்சி தொழிலாளியின் ஆட்சியாக இல்லை என்பதையும் மறவோம். வீழ்த்தினால் மட்டும் போதாது, விழிப்பும் வேண்டும்.

இன்னோர் உண்மையையும் மறைக்க மாட்டோம். 2010-க்குப் பின் ஆயுதமற்ற போராட்டங்களின் வெற்றியும் நூற்றுக்கு 34-க்குக் கீழே சரிந்தது என 2020-இல் செனோவெத்தே எழுதினார். ஆயுதப் போராட்டங்களோ அதனினும் கீழே போயின. சரிவுக்குக் காரணம்? திரண்டவர் தொகை குறைந்தது. ஊர்வலத்தையே நம்பி வேலை நிறுத்தத்தை மறந்தனர். கைபேசியில் கூட்டம் சேர்ந்தது. கட்டுக்கோப்பான அமைப்பு சேரவில்லை. ஓரத்திலே சிலர் வன்முறையில் இறங்கினர்.

நாடுகளின் கதை இது. நம் ஆலை வாயிலுக்கும் பாடம் இதுவே. ஒரு கல் பறந்ததும் என்ன நடக்கிறது? குழந்தையோடு வந்த தாய் முதலில் வீடு திரும்புகிறாள். தடியடிக்குக் காரணம் தேடியவர்களுக்குக் காரணம் கிடைக்கிறது. மறுநாள் ஏடுகளிலே கூலிக் கோரிக்கை மறைந்து, உடைந்த கண்ணாடியே செய்தியாகிறது. அந்தக் கல் யாருக்குத் துணை? எண்ணிப் பாருங்கள்!

தோழர்களே! கல்லைத் தேடும் கை, சங்கத்தில் சேராத தோழனின் வீட்டுக் கதவைத் தட்டட்டும். ஒருவன் கூடினால் ஓர் அடி முன்னேற்றம். ஒரு கல் பறந்தாலோ, ஓராண்டு உழைப்பு வீண்!