கூண்டுக்கு முன்னால் கால்தடம் பாருங்கள்

கொள்ளிடக் கரையோரம் மீன்குஞ்சு வளர்க்கும் தம்பி ஒருவர் போன மாதம் கைபேசியில் ஒரு படம் காட்டினார். வெளிநாட்டு மீன்குஞ்சுப் பண்ணை ஒன்று. வாய்க்கால் ஓரத்தில் நீளமான கம்பிக்கூண்டு, உள்ளே கீரி மாதிரி ஒரு கறுத்த பிராணி. "அண்ணே, இதே மாதிரி நாலு கூண்டு அடிச்சு வெச்சா நம்ம நீர்நாய்த் தொல்லையும் தீந்துடும்ல?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. கடன் வாங்கிக் குளம் வெட்டி, குஞ்சு விட்டு, தீவனம் போட்டு வளர்த்தவர், விடியற்காலையில் கரையில் மீன் தலையும் செதிலும் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் அந்தக் கூண்டு நமக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

படத்தில் இருந்த பிராணியின் பெயர் மிங்க். பூர்வீகம் வட அமெரிக்கா. அதன் ரோமத்துக்காக 1929-ல் பிரிட்டனுக்குக் கொண்டுவந்து பண்ணைகளில் அடைத்து வளர்த்தார்கள். பண்ணையிலிருந்து தப்பியவை ஆற்றங்கரைகளில் பெருகின. 1956-ல் டெவன் பகுதியில் அது வெளியிலேயே குட்டி போடுவது உறுதியானது. பெண் மிங்க் உடம்பு ஒல்லி. அந்த மண்ணின் நீரெலி எந்த வளைக்குள் ஓடி ஒளிந்தாலும் இதுவும் பின்னாலேயே நுழைந்துவிடும். பல ஆறுகளில் நீரெலி இல்லாமலே போனது. மீன்குஞ்சுப் பண்ணைக்குள் புகுந்தால் தின்கிற அளவுக்கு மேலேயே கொன்று போடும். அதனால்தான் அங்கே அதைப் பிடிக்கிறார்கள். மனிதன் கொண்டுவந்து விட்ட வினையை மனிதனே அறுக்கிறான். நம்ம ஊர்ச் சீமைக்கருவேலங் கதைதான் அது.

அந்தக் கூண்டு வைப்பவர்கள் செய்யும் இரண்டு காரியங்கள் படத்தில் வராது. ஒன்று, எடுத்தவுடன் கூண்டு வைப்பதில்லை. ஒரு மிதவையில் ஈரக் களிமண் தட்டு வைத்து ஆற்றில் கட்டிவிடுகிறார்கள். மிங்கின் கால்தடம் அதில் பதிந்தால் மட்டுமே அந்த இடத்தில் கூண்டு. இரண்டாவதுதான் நமக்கு முக்கியம். அந்தக் கூண்டின் வாயில் நீர்நாய் நுழைய முடியாதபடி ஒரு தடுப்பைப் பொருத்துகிறார்கள். ஏனென்றால் நீர்நாய் அந்த ஆற்றின் சொந்தப் பிராணி. எந்தப் பிராணி உள்ளே போய்விடக் கூடாது என்று அவர்கள் தடுப்பு வைக்கிறார்களோ, அதைப் பிடிக்கத்தான் நாம் அதே கூண்டைக் கேட்கிறோம்.

நம்ம நீர்நாய் யாரும் கப்பலில் கொண்டுவந்து இறக்கியதல்ல. காவிரியிலும் மோயாற்றிலும் தொன்றுதொட்டு இருப்பது. கூட்டமாகத் திரியும், கரையில் வளை வைத்துக் குட்டி போடும். மணல் அள்ளி, கரையை அழித்து, ஆற்றில் கழிவைக் கலந்து அதன் இருப்பிடத்தைச் சுருக்கியது நாம்தான். உலக அளவிலேயே அழியக்கூடிய நிலையில் உள்ள உயிரினமாகப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சட்டமும் கடுமையானது. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நீர்நாய் முதல் அட்டவணையில் இருக்கிறது. கண்ணி வைத்தாலோ கொன்றாலோ 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. குஞ்சு போன நட்டத்தோடு வழக்குச் செலவும் சேர்ந்தால் குடும்பம் தாங்குமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். திருடியது நீர்நாய்தானா? தம்பியின் குளத்தைச் சுற்றி நடந்து பார்த்தோம். நீர்நாய் வந்தால் ஐந்து விரலும் இடையில் சவ்வும் உள்ள தடம் சேற்றில் பதியும். அது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எச்சமிடும். அதில் செதிலும் முள்ளும் கிடக்கும், மீன் கவிச்சி அடிக்கும். பெரிய மீன் இருந்த குளத்துக் கரையில் இதெல்லாம் இருந்தது உண்மை. ஆனால் அவர் அதிகம் நட்டப்பட்ட நாற்றங்கால் குளத்தைச் சுற்றி ஒரு தடம்கூட இல்லை. அங்கே தவளையும் நீர்ப்பூச்சியும்தான் மண்டிக் கிடந்தன. நுண்குஞ்சைத் தின்பது இவையும், குளத்தை வற்றவைக்காமல் விட்டதால் தங்கிப்போன விரால் குஞ்சுகளும், தண்ணீர்ப்பாம்பும் கொக்கும்தான். விடியற்காலையில் தண்ணீரில் பிராணவாயு குறைந்தும் குஞ்சு சாகும். நாற்றங்கால் குளத்தில் நுண்குஞ்சில் பாதி தேறினாலே நல்ல கணக்கு. அந்தப் பழியையும் சேர்த்து நீர்நாய் தலையில் கட்டிவிட்டோம்.

சரி, பெரிய மீனைக் காப்பது எப்படி? வேலிதான் வழி. நாலு அடிக்குக் குறையாத கம்பிவலை வேலி, கண் இரண்டு அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அடிப்பாகத்தை வெளிப்பக்கமாக ஓரடி மடக்கி மண்ணில் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் பறித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். மேல்பகுதி வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். தண்ணீர் வரும் குழாய்க்கும் போகும் குழாய்க்கும் வலை கட்டுங்கள். செத்த மீனைக் கரையில் போடாதீர்கள், அது விருந்துக்கு அழைக்கிற மாதிரி. நேரடி மின்சாரத்தை மட்டும் வேலியில் கொடுத்துவிடாதீர்கள். நீர்நாய் சாவதற்கு முன் நம்ம வீட்டுப் பிள்ளை அதைத் தொட்டுவிடக்கூடும்.

வேலிக்குச் செலவாகும், மறுக்கவில்லை. முதலில் விலை அதிகமுள்ள மீன் நிற்கும் குளத்தை மட்டும் சுற்றுங்கள். பக்கத்துப் பக்கத்தில் குளம் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரே வேலியாகப் போட்டால் ஆளுக்கு ஆகும் தொகை குறையும். மீன்குளத்துக்கு மானியம் பேசும் கூட்டங்களில் வெட்டுக்கூலியோடு வேலிச் செலவையும் சேர்த்துக் கேட்பது நம் இயக்கத்தின் வேலை. கூண்டு வைத்து ஒன்றைப் பிடித்தாலும், குளம் திறந்து கிடக்கும்வரை அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். தாய் மாட்டிக்கொண்டால் வளையில் குட்டிகள் பட்டினியில் சாகும்.

பூச்சியைக் கண்டதும் மருந்துக் குப்பியைத் தூக்கிய காலத்தை நாம் தாண்டி வந்திருக்கிறோம். எது நன்மை செய்யும் பூச்சி, எது தீமை செய்வது என்று வயலில் குனிந்து பார்க்கக் கற்றுக்கொண்டோம். குளத்துக்கரையிலும் அதே பார்வை வேண்டும். வந்தேறியை ஒழித்தே ஆக வேண்டும் என்ற வேகம் இருந்தால், தடை செய்யப்பட்ட பிறகும் சில குளங்களில் ரகசியமாக வளரும் ஆப்பிரிக்கக் கெளுத்தியிடம் காட்டுவோம். வெள்ளத்தில் அது ஆற்றுக்குள் போனால் நாட்டு மீனையெல்லாம் தின்றுவிடும். நமக்கு மிங்க் என்றால் அதுதான்.

தம்பி கூண்டு அடிக்கவில்லை. நாற்றங்கால் குளத்தை வற்றவைத்துக் காயப்போட்டிருக்கிறார். பெரிய குளத்துக்கு வேலிக்கால் நட்டாகிவிட்டது.